மதுவை நிறுத்த உதவும் மருந்து: விடாமல் உட்கொள்வது எப்படி?



ஜெஞ்சாரோம், பந்திங், தெலோக் பங்ளிமா காராங் வட்டாரத்தில் வாழும் மூத்தவர்களில் பலர் இரத்த அழுத்தத்திற்கும் இனிப்புநீருக்கும் நாள்தோறும் மாத்திரை போடுகிறீர்கள். மதுவுக்கு அடிமையாவதும் அவற்றைப் போன்ற நீண்டகால நோய்தான். அதற்கும் மாத்திரை உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்து வாங்கியவர்களிலும் பலர் சில வாரங்களிலேயே விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கையேட்டைப் படிக்கும் நீங்களே அந்த மருந்தை உட்கொள்பவராக இருக்கலாம். அல்லது உங்கள் கணவரோ, மகனோ, தம்பியோ உட்கொள்ளலாம். யாராக இருந்தாலும், மருந்தை ஏன் விட்டுவிடுகிறோம், விடாமல் இருக்க வீட்டிலும் கிளினிக்கிலும் என்ன செய்யலாம் என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

1. என்னென்ன மருந்துகள்?

மூன்று மருந்துகள் உலகில் அதிகம் பயன்படுகின்றன.

டைசல்ஃபிராம்: இது மிகப் பழையது. ரப்பரைப் பதப்படுத்தப் பயன்படும் வேதிப்பொருள்களின் இனத்தைச் சேர்ந்தது. அந்த இனப் பொருளைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு மது அருந்தினால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதை 1937-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஒரு மருத்துவர் கவனித்து எழுதினார். பின்னர் டென்மார்க்கில் ஹால்ட், யாகோப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பூச்சி மருந்தாகச் சோதிக்கத் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். அதன்பின் மது அருந்தியபோது இருவருக்கும் முகம் சிவந்து உடல்நலம் கெட்டது. 1948-இல் இதை மது நோய்க்கான மருந்தாக அறிவித்தார்கள். மது உடலில் உடைபடும்போது உண்டாகும் ஒரு நச்சுப்பொருளை ஈரல் வெளியேற்ற முடியாதபடி இம்மருந்து தடுக்கிறது. அதனால் இதைப் போட்டிருக்கும்போது குடித்தால் முகம் கொதிக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும்.

நால்ட்ரெக்ஸோன்: மது தரும் இன்பத்தை மூளையில் மழுங்கச் செய்கிறது. குடித்தாலும் பழைய 'கிக்' கிடைக்காது. நாளடைவில் ஆசையும் குறைகிறது. வழக்கமாக நாளுக்கு 50 மில்லிகிராம் மாத்திரை ஒன்று.

அகாம்ப்ரோசேட்: குடியை நிறுத்திய பிறகு வரும் பதற்றத்தையும் ஏக்கத்தையும் தணிக்கிறது. வழக்கமாக இரண்டு மாத்திரை வீதம் நாளுக்கு மூன்று வேளை, மொத்தம் ஆறு மாத்திரை.

எது உங்களுக்குப் பொருந்தும், எது கிடைக்கும் என்பதை உங்கள் ஈரல், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றைப் பரிசோதித்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த மருந்து உங்களுக்கு ஆகாமல் போகலாம்.

2. மருந்து இருந்தால் போதுமா?

1986-ஆம் ஆண்டு அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளியானது. 605 ஆண்களை மூன்று பிரிவாகப் பிரித்து ஓராண்டு கவனித்தார்கள். ஒரு பிரிவுக்கு டைசல்ஃபிராம் முழு அளவில் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்குப் பயன் தராத மிகச் சிறிய அளவில் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு வைட்டமின் மட்டும். அந்த வைட்டமினை எல்லாருக்கும் கொடுத்து, சிறுநீரில் அது தெரிகிறதா என்று பார்த்து, யார் ஒழுங்காக மருந்து போடுகிறார்கள் என்று கண்டறிந்தார்கள்.

ஓராண்டு முழுவதும் ஒழுங்காக உட்கொண்டவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மட்டுமே. முழுவதுமாகக் குடியை விட்டவர்களின் எண்ணிக்கையில் மூன்று பிரிவுகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் எந்தப் பிரிவில் இருந்தாலும், கொடுத்ததை ஒழுங்காகப் போட்டவர்களே குடியை விட்டவர்களில் அதிகம் இருந்தார்கள்.

வெறும் வைட்டமினை ஒழுங்காகப் போட்டவருக்கும் ஏன் நன்மை? காலையில் எழுந்து, 'இன்றைக்கும் குடிக்கப் போவதில்லை' என்று முடிவெடுத்து, கையை நீட்டி ஒரு மாத்திரையை எடுப்பவருக்கு அந்தப் பழக்கமே ஒரு பிடிமானம் என்று நினைக்க இடமுண்டு. குடியை விட உறுதி கொண்டவரே மாத்திரையையும் ஒழுங்காகப் போடுகிறார் என்றும் சொல்லலாம். இரண்டும் கலந்தே இருக்கலாம்.

அப்படியானால் மருந்துக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. 1997-இல் வெளிவந்த ஒரு நால்ட்ரெக்ஸோன் ஆய்வில் எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தபோது பலன் சிறிதாகத்தான் தெரிந்தது. பத்தில் ஒன்பது மாத்திரைக்குமேல் விடாமல் போட்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, மருந்தில்லாத மாத்திரையை அதே ஒழுங்கோடு போட்டவர்களைவிட அவர்கள் மீண்டும் குடியில் விழுந்தது மிகக் குறைவு. அதாவது, மருந்து வேலை செய்கிறது. ஆனால் வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்கிறது. அலமாரியில் இருக்கும் மாத்திரை யாரையும் குணப்படுத்தாது.

விட்டுவிடுவது மது நோயாளிகள் மட்டும் செய்யும் தவறு என்று எண்ண வேண்டாம். நீண்டகால நோய்களுக்கு மருந்தைச் சரியாகத் தொடர்பவர்கள், வளர்ந்த நாடுகளில்கூடச் சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003-இல் கூறியது. இனிப்புநீர் மாத்திரையை மறப்பவரை நாம் 'ஒழுக்கமில்லாதவர்' என்று சொல்வதில்லை. மது நோய்க்கான மாத்திரையை மறப்பவரையும் அப்படிச் சொல்லத் தேவையில்லை.

3. ஏன் விட்டுவிடுகிறோம்?

காரணம் தெரிந்தால் பரிகாரம் எளிது. உங்களுடைய காரணம் இவற்றில் எது என்று பாருங்கள்.

"எனக்குச் சரியாகிவிட்டது." இரண்டு மாதம் குடிக்காமல் இருந்தால் நோய் போய்விட்டது போலத் தோன்றும். அந்த இரண்டு மாதம் கிடைத்ததில் மருந்துக்கும் பங்கு உண்டு. சிகிச்சை பொதுவாக ஆறு மாதமாவது தொடரும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவருடன் பேசி முடிவெடுங்கள்.

"குமட்டுகிறது, தலை சுற்றுகிறது." நால்ட்ரெக்ஸோன் தொடக்கத்தில் குமட்டல், தலைவலி தரலாம். பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் அடங்கிவிடும். பசியாறிய பிறகு போட்டால் குறையும். அகாம்ப்ரோசேட் சிலருக்கு வயிற்றுப்போக்கு தரும். டைசல்ஃபிராம் அசதியும் வாயில் உலோகச் சுவையும் தரலாம். தாங்க முடியாவிட்டால் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். கிளினிக்கில் சொன்னால் அளவை மாற்றலாம், அல்லது வேறு மருந்து தரலாம்.

"மாத்திரை மிக அதிகம்." இரத்த அழுத்தத்திற்கு இரண்டு, இனிப்புநீருக்கு நான்கு, கொழுப்புக்கு ஒன்று, அதோடு இன்னும் ஆறு என்றால் யாருக்கும் குழப்பம் வரும். இது நியாயமான காரணம். நாளுக்கு ஒரு வேளை மருந்து தர முடியுமா என்று கேட்பதில் தவறில்லை.

"போய்வர முடியவில்லை." மகன் வேலைக்குப் போய்விட்டால் காரில் அழைத்துப் போக ஆளில்லை. மருந்து தீர்ந்த பிறகு போகலாம் என்று தள்ளிப்போட்டால் இடையில் பத்து நாள் ஓடிவிடும். அந்தப் பத்து நாள்தான் ஆபத்தான காலம்.

"தீபாவளி வருகிறது." விருந்தில் குடிப்பதற்காகவே சில நாள் முன்பு மருந்தை நிறுத்துவதும் உண்டு. டைசல்ஃபிராமைப் பொறுத்தவரை இது பெரும் ஆபத்து. கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடலில் இருக்கும்.

"ஒரு நாள் குடித்துவிட்டேன், இனி எந்த முகத்தோடு போவது?" மருந்தைவிட்டு விலகுபவர்களில் பலர் வெளியில் சொல்லாத காரணம் இதுதான். இதைப் பற்றிப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

4. நாள்தோறும் மறக்காமலிருக்க

- ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு மாத்திரையைச் சேர்த்துவிடுங்கள். காலைத் தேநீர், சாமி கும்பிடுவது, பசியாறுவது, வானொலிச் செய்தி என்று எதுவானாலும் சரி.
- ஏழு நாள் மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்கி ஞாயிற்றுக்கிழமைதோறும் நிரப்புங்கள். செவ்வாய் அறை காலியா, இல்லையா என்று பார்த்தாலே போட்டோமா என்ற சந்தேகம் தீரும்.
- சுவரில் மாட்டிய நாட்காட்டியில் போட்ட நாளில் ஒரு கோடு கிழியுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாளைக் கொண்டுபோங்கள்.
- மறந்த வேளைக்காக இரட்டிப்பாகப் போடாதீர்கள். அடுத்த வேளை நெருங்கியிருந்தால் மறந்ததை விட்டுவிட்டு வழக்கம்போலத் தொடருங்கள்.
- ஒரு வார மருந்து மீதி இருக்கும்போதே அடுத்த மருந்தை வாங்க ஏற்பாடு செய்யுங்கள்.
- அரசாங்க மருந்தகங்களில் எஸ்.பி.யு.பி. என்ற ஏற்பாடு உண்டு. பெரிய மருத்துவமனையில் எழுதிக்கொடுத்த மருந்தின் மீதியை வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்தில் வாங்கிக்கொள்ள அது உதவும். உங்கள் மருந்துக்கு அது பொருந்துமா என்று மருந்தாளரைக் கேளுங்கள்.

கிளினிக்கில் சில நிமிடம் பேசுவதும் மருந்தின் ஒரு பகுதிதான். அமெரிக்காவில் 1,383 பேரைக் கொண்டு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 16 வாரத்தில் ஒன்பது முறை நோயாளிகள் மருத்துவரையோ தாதியையோ பார்த்தார்கள். மாத்திரை போட முடிந்ததா, எதில் சிரமம், எப்படிச் சரிசெய்யலாம் என்பதே அந்தச் சந்திப்பின் பேச்சு. இந்தப் பேச்சோடு நால்ட்ரெக்ஸோனும் பெற்றவர்கள் நல்ல பலன் கண்டார்கள். ஆகவே தேதி கொடுத்தால் தவறாமல் போங்கள். "எல்லாம் சரி" என்று இரண்டே சொல்லில் முடிக்காமல், விட்ட நாள்களையும் சொல்லுங்கள்.

5. குடும்பத்தார் எப்படி உதவலாம்?

மும்பையில் டி சௌசா என்ற மருத்துவர்கள் 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மது நோய் உள்ள 100 ஆண்கள். ஒவ்வொருவருக்கும் மருந்து போடுவதை உடனிருந்து கவனிக்க ஒரு குடும்பத்தார் இருந்தார். பாதிப் பேருக்கு டைசல்ஃபிராம், பாதிப் பேருக்கு நால்ட்ரெக்ஸோன். ஓராண்டு முடிவில் டைசல்ஃபிராம் பெற்றவர்களில் 86 விழுக்காட்டினரும், நால்ட்ரெக்ஸோன் பெற்றவர்களில் 44 விழுக்காட்டினரும் குடிக்காமல் இருந்தார்கள். மறுபக்கம், குடிக்க வேண்டுமென்ற ஏக்கம் நால்ட்ரெக்ஸோன் பெற்றவர்களுக்குக் குறைவாக இருந்தது. யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவரும் நோயாளியும் அறிந்தே நடந்த ஆய்வு இது. ஆதரவான குடும்பம் உள்ளவர்களை மட்டுமே சேர்த்தார்கள். ஆகவே எல்லாருக்கும் இதே பலன் கிட்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் அமெரிக்கப் படைவீரர்களில் ஐந்தில் ஒருவர்தான் ஒழுங்காகப் போட்ட அதே மருந்து, வீட்டில் ஒருவர் துணையிருந்தபோது இவ்வளவு உதவியது என்பதைக் கவனியுங்கள்.

துணை இருப்பதற்கும் காவல் காப்பதற்கும் வேறுபாடு உண்டு. "மாத்திரை போட்டாச்சா?" என்று நாளுக்கு மூன்று முறை கேட்டால் வீடு போலீஸ் நிலையமாகிவிடும். "அப்பா, பசியாறும்போது நானும் என் பிரஷர் மாத்திரையைப் போடுகிறேன், சேர்ந்தே போட்டுக்கொள்வோம்" என்றால் அது துணை. யார் பார்ப்பது, எந்த நேரம், போடாத நாளில் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே இருவரும் பேசி ஒப்புக்கொள்ளுங்கள். போடாத நாளில் சண்டை வேண்டாம். மூன்று நாள் தொடர்ந்து போடாவிட்டால் கிளினிக்கைத் தொடர்புகொள்வது என்று வைத்துக்கொள்ளலாம்.

முக்கிய எச்சரிக்கை: மருந்தை ஒருபோதும் மறைத்துக் கொடுக்காதீர்கள். அவருக்குத் தெரியாமல் குழம்பிலோ காப்பியிலோ கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். டைசல்ஃபிராம் உடலில் இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் இரத்த அழுத்தம் சட்டெனச் சரியலாம், இதயம் பாதிக்கப்படலாம், உயிரே போகலாம். 'இரகசியமாகக் குடியை நிறுத்தும் தூள்' என்று விற்கப்படும் எதையும் வாங்காதீர்கள். அன்பினால் செய்தாலும் அது ஆபத்துதான். உண்மை தெரிந்த நாளில் உங்கள்மேல் உள்ள நம்பிக்கையும் போய்விடும்.

மருந்தோடு வீட்டுச் சூழலும் மாற வேண்டும். இது நமக்குப் புதிதல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. கடை வாசலில் இருந்தால் மனத்தை அடக்குவது கடினம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இன்று அதே காரியத்தை வீட்டளவில் செய்யலாம். குளிர்பெட்டியில் பீர் வைக்காதீர்கள். விருந்தாளிக்கென்று போத்தல் எடுத்து வைக்காதீர்கள். திருமண வீட்டில் "ஒரு மடக்குதானே" என்று வற்புறுத்துபவரை நீங்களே தடுத்துவிடுங்கள்.

6. சறுக்கினால் என்ன செய்வது?

மருந்து போடும் காலத்தில் ஒரு நாள் குடித்துவிட்டால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று பொருளல்ல. சர்க்கரை ஒரு நாள் ஏறிவிட்டால் இனிப்புநீர் மருந்தை வீசி எறிகிறோமா?

- நால்ட்ரெக்ஸோன் அல்லது அகாம்ப்ரோசேட் என்றால் பொதுவாக மருந்தைத் தொடரலாம். கிளினிக்குக்குத் தெரிவியுங்கள்.
- டைசல்ஃபிராம் என்றால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவரைக் கேளுங்கள். முகம் கொதிப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் 999-ஐ அழையுங்கள்.
- அடுத்த சந்திப்புக்குக் கட்டாயம் போங்கள். குடித்ததைச் சொன்னால் மருத்துவர் ஏசுவார் என்ற அச்சம் வேண்டாம். அவருக்கு அது சிகிச்சையை மாற்றியமைக்க உதவும் தகவல்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: அந்த நாளில் பழையதை எல்லாம் எடுத்துப் பேசாதீர்கள். "நாளைக்குக் காலையில் மாத்திரை போட்டுக்கொள்ளலாம், வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு நானும் வருகிறேன்" என்ற ஒரு சொல் போதும். டைசல்ஃபிராம் என்றால் "நாளைக்கே கிளினிக்கில் கேட்போம்" என்று சொல்லுங்கள்.

7. மூத்தவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை

- வயது கூடக் கூட உடலில் நீர்ச்சத்து குறைகிறது. முன்பு தாங்கிய அதே அளவு மது இப்போது அதிகம் தாக்கும்.
- அகாம்ப்ரோசேட் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. இனிப்புநீரால் சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். கடுமையான பழுது இருந்தால் கொடுக்கக்கூடாது.
- நால்ட்ரெக்ஸோன் போடுபவர்கள் டிராமடோல் போன்ற வலிமருந்தையும் கோடீன் கலந்த இருமல் மருந்தையும் சேர்த்து எடுக்கக்கூடாது. பல் பிடுங்கவோ அறுவைச் சிகிச்சைக்கோ போனால் முன்கூட்டியே சொல்லுங்கள்.
- டைசல்ஃபிராம் இதய நோய் உள்ளவர்களுக்குப் பொதுவாக ஆகாது. போடுபவர்கள் ஆல்கஹால் கலந்த இருமல் மருந்து, டானிக், வாய் கொப்பளிக்கும் நீர் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும்.
- தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகலாம்.
- நாட்டு மருந்து, டானிக், கடையில் வாங்கிய மாத்திரை என்று எதைச் சாப்பிட்டாலும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருந்தாளரிடம் காட்டுங்கள்.

8. திடீரென்று நிறுத்தாதீர்கள்

நெடுநாள், நாள்தோறும் அதிகம் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் உடல் தாங்காது. சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, பதற்றம் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் காய்ச்சலும் குழப்பமும் ஏற்பட்டு, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். இது உயிருக்கு ஆபத்தான நிலை. 'பேய் பிடித்துவிட்டது' என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அதிகம் குடிப்பவர் நிறுத்த விரும்பினால், நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். பாதுகாப்பாக நிறுத்த வேறு மருந்துகள் உண்டு.

மலிவு மதுவிலும் கவனம் தேவை. 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மது கிள்ளான் பள்ளத்தாக்கில் பல உயிர்களைப் பறித்தது. குடித்த பிறகு கண் மங்கினாலோ, கடும் வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

9. எங்கே போவது?

முதலில் உங்கள் வட்டார அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். அடையாளக் கார்டையும், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளையும் எடுத்துப் போங்கள். இரத்த அழுத்தத்திற்குப் பார்க்கும் அதே மருத்துவரிடம், "டாக்டர், என் குடிப்பழக்கம் பற்றியும் பேச வேண்டும்" என்று சொன்னால் போதும். தேவைப்பட்டால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பிவைப்பார். மொழி சிரமம் என்றால் பிள்ளைகளில் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள்.

மனம் தளர்ந்து பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555. அவசரத்திற்கு 999.

10. வீட்டில் பேசிப் பார்க்க

இந்தக் கையேட்டைப் படித்து முடித்ததும், மருந்து போடுபவரும் துணையிருப்பவரும் சேர்ந்து உட்கார்ந்து இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பாருங்கள்.

1. நம் வீட்டில் நாள்தோறும் தவறாமல் நடக்கும் எந்த வேலையோடு மாத்திரையைச் சேர்க்கலாம்?
2. சென்ற மாதம் எத்தனை நாள் விட்டுப்போனது? என்ன காரணம்?
3. மருந்து தீரும் தேதி எது? யார் போய் வாங்குவது?
4. சறுக்கிய நாளில் முதலில் யாரிடம் சொல்வது?
5. அடுத்த விசேஷ நாளில் "குடி" என்று வற்புறுத்துபவருக்கு என்ன பதில் சொல்வது?

விடைகளை ஒரு தாளில் எழுதி மாத்திரைப் பெட்டிக்கு அருகில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாளையும் நாட்காட்டியையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.